கூப்பிடாமல் சாப்பிட்ட காக்கை

ஒரு பழைய பல்கலைக்கழகத்தின் மணிக்கூண்டுப் பொந்தில் செவ்வந்தி என்ற மைனாவும், கேண்டீன் கூரையில் கரியன் என்ற காக்கையும் வசித்தன.

குளிர்காலம் பிறந்தால் வடக்கிலிருந்து சோளக்குருவிகள் விருந்தாளிகளாக வரும். செவ்வந்தி அவற்றுக்கு வளாகத்தைச் சுற்றிக் காட்டும். "இது நூறு வருஷத்து மணிக்கூண்டு! அது வண்ணக் கண்ணாடி ஜன்னல்! வெயில் பட்டா தரையெல்லாம் சிவப்பும் பச்சையுமா விழும், பாருங்க!" என்று மூச்சுவிடாமல் பேசும். பிறகு சாப்பாடு. ஒருநாள் வாசல் பஜ்ஜிக் கடை, ஒருநாள் விடுதிச் சமையற்கட்டின் பின்புறம்.

"செவ்வந்தி அக்கா மாதிரி வருமா!" என்று குருவிகள் கொண்டாடின.

கரியனுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? எங்கே சோறு விழுகிறது என்று தினமும் கண்டுபிடிப்பது கரியன்தான். கண்டதும் "கா! கா!" என்று சுற்றத்தைக் கூப்பிட்டுவிட்டுத்தான் வாய் வைக்கும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் மைனா விருந்தாளிகளை அங்கே அழைத்து வரும்.

"தொண்டை என்னுது, பேரு அவளுக்கா? நாளைக்கு அதுங்க ஊருக்குக் கிளம்புற நாள். நான் வாயே திறக்க மாட்டேன். பட்டினியாப் போகட்டும்!" என்று கறுவியது கரியன்.

மறுநாள் விடுதியில் விருந்து. சமையற்கட்டுக்குப் பின்னால் எச்சில் இலைகள் குவிந்திருந்தன. வடை, அப்பளம், பாயசத்து முந்திரி! கரியன் சத்தமே போடாமல் இறங்கியது. கூடப் பிறந்தவர்களைக்கூடக் கூப்பிடவில்லை.

பத்துக் காக்கைகள் சாப்பிட்டால் இருபது கண்கள் காவல் இருக்கும். கரியனுக்கு இருந்ததோ இரண்டே கண்கள். அந்த இரண்டும் வடைமேல்! இலைக்குப் பின்னால் பதுங்கியிருந்த கடுவன் பூனை ஒரே பாய்ச்சலில் அதன் வாலைக் கவ்விக்கொண்டது.

"கா! கா! கா!" என்று இப்போது கூப்பிட்டது கரியன்.

செவ்வந்தியும் குருவிகளும் பறந்து வந்து பூனையின் தலையில் கொத்தின. பூனை ஓடியது. கரியனின் வால் இறகுகளும் அதோடு போய்விட்டன.

"காலையிலேருந்து உங்க குரலுக்காகத்தான் காத்திருந்தோம், அண்ணே!" என்றது ஒரு குருவி.

"சோத்துக்குத்தானே?" என்று முறைத்தது கரியன்.

"சோறு எங்கேயும் கிடைக்கும். மணிக்கூண்டு எங்க ஊர்லயும் இருக்கு. கிடைச்சதை ஊரைக் கூப்பிட்டுச் சாப்பிடுற பறவையை இங்கதான் பார்த்தோம். இங்கே பார்க்க வேண்டியதுல முதல் இடம் உங்களுக்குத்தான்னு அக்கா சொன்னாங்க. கடைசியா ஒரு தடவை அதைப் பார்த்துட்டுப் போகலாம்னு நினைச்சோம்."

கரியன் செவ்வந்தியைப் பார்த்தது. "என்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லலையே!"

"நீங்க என் பக்கம் முகம் கொடுத்தாத்தானே அண்ணே!"

குருவிகள் வடக்கே பறந்தன. இலையில் பாதி வடை மிச்சம் இருந்தது. கரியன் அதைத் தொடவே இல்லை.

அடுத்தவர் பெயரைக் கெடுக்க நினைக்கும் பொறாமை, முதலில் நம்முடைய பெருமையைத்தான் தின்னும்.