மோதிரத்துக்குள் இருந்த பேர்

கரூர் பஸ் முதலாளி பொன்னுரங்கம் வாயைத் திறந்தால் விலைதான் வரும். தம்பி மகனின் நிச்சயதார்த்தத்திலும் அதேதான்.

"பொண்ணுக்கு நாங்க போட்ட மோதிரம் பாரிஸ் பிராண்டு. ஆறு லட்சம்!"

பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குப் போட்டது நகைப் பட்டறைக்காரி மரகதம் செய்தது. அதே தங்கம், அதே அளவு வைரம், ஒரு லட்சம். ரெண்டும் ஒண்ணுதானே என்று யாரோ சொன்னது காதில் விழ, கடைசி வரிசையில் இருந்த மரகதத்தைப் பொன்னுரங்கம் முன்னால் கூப்பிட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான்னு இந்தச் சபையில நிரூபி. இல்லேன்னா கல்யாண நகை ஒண்ணுகூட உன் பட்டறைக்கு வராது."

மண்டபமே எழுந்து எட்டிப் பார்த்தது. மரகதம் பெண்ணின் விரலையும் மாப்பிள்ளையின் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கு வித்தியாசம் தெரியலீங்க. அந்த அஞ்சு லட்சம் எங்கீங்க இருக்குது?"

"பிராண்டு பேருல இருக்கு. உள்பக்கம் பொறிச்சிருக்கான்."

"காட்டுங்க, நாங்களும் பாக்கறோம்."

பொன்னுரங்கம் வேகமாகப் பெண்ணின் விரலைப் பிடித்து மோதிரத்தை உருவப் போனார். "சபையில போட்ட மோதிரத்தைக் கழட்டுறதாவது!" என்று அவர் மனைவியே பாய்ந்து வந்து கையைத் தட்டிவிட்டாள்.

"விட்டுடுங்க ஐயா," என்றாள் மரகதம். "பேரைப் பாக்கணும்னா நிச்சயத்தையே முறிக்கணும் போலிருக்குது."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே பொன்னுரங்கத்தின் மனைவி, தாலிக்கொடி எத்தனை பவுனில் செய்யணும் என்று மரகதத்தின் காதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.