லோகநாயகியின் சிரிப்பு

குழந்தைவேலு ஆசிரமத்துக்கு வந்தபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. அங்கே குருவாக இருந்தவர் ஒரு பெண், அவரைவிட இருபது வயதாவது இளையவர். எல்லோரும் அவரை அம்மா என்றே அழைத்தார்கள். மகள் வயதுக்காரியை அம்மா என்று கூப்பிட, குழந்தைவேலுவுக்கு முதல் நாள் நாக்கு கொஞ்சம் இடறியது.

"என்ன விஷயமா வந்தீங்க?" என்று கேட்டார் அம்மா.

"கூப்டீங்களா?" என்றார் குழந்தைவேலு. சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. அம்மா டிவி பார்த்ததே கிடையாது.

பாவம், குழந்தைவேலுவைச் சொல்லியும் குற்றமில்லை. 'கோதண்டம் ஆஜர்' என்ற தொடரில் பியூன் கோதண்டமாக வந்தவர் அவர்தான். அதை வாராவாரம் எழுதியதும் அவரேதான். ஆபீசில் யார் என்ன ரகசியம் பேசினாலும், கதவிடுக்கில் தலையை நீட்டி "கூப்டீங்களா?" என்பார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. கல்யாணப் பந்தியில் அவர் இலைக்கு வந்தால், பரிமாறுகிறவர் "கூப்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாம்பாரே ஊற்றுவார்.

அத்தனை வருஷத் தொழிலில் ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. சிரிப்புக்கு இடம் விட்டு விட்டு வசனம் எழுதியவர், பேசும்போதும் இடம் விட ஆரம்பித்துவிட்டார். பால்காரரிடம் அரை லிட்டர் கேட்டுவிட்டு நிற்பார். டாக்டரிடம் முட்டிவலியைச் சொல்லிவிட்டு நிற்பார்.

பிறகு சேனல் கை மாறியது. புது முகங்கள் வந்தன. கோதண்டத்தை நிஜமாகவே யாரும் கூப்பிடவில்லை. அதைக்கூட அவர் எப்படியோ தாங்கிக்கொண்டார். மனைவி லோகநாயகி இறந்துபோனதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆசிரமத்தில் கூட்டிப் பெருக்கினார், தண்ணீர் இறைத்தார், எல்லோரோடும் தியானத்தில் உட்கார்ந்தார். கண்ணை மூடினால் ஒரே கேள்விதான் வந்து நின்றது. ஒரு நாள் காலையில் அதை அம்மாவிடம் கேட்டேவிட்டார்.

"அம்மா, என் வீட்டுக்காரி எதுக்குச் சிரிச்சா?"

"எப்ப?"

"தொடர் ஆரம்பிச்ச புதுசு. நாங்க நடிக்கிற இடத்துல ஜனம் கிடையாது. சிரிப்பைப் பின்னால சேக்கணும். முதல்ல வெளிநாட்டுக்காரன் சிரிப்பைப் போட்டுப் பாத்தோம். நம்ம ஆபீசுக்குள்ள வெள்ளைக்காரன் புகுந்த மாதிரி இருந்துது. அதனால எங்க எல்லார் வீட்டு ஆளுங்களையும் ஒரு ரூம்ல உக்கார வெச்சு, சிரிக்கவெச்சுப் பதிவு பண்ணினோம். கடைசி வரைக்கும் அந்தச் சிரிப்பையேதான் ஓட்டினோம்."

"அதுல அவங்களும் இருந்தாங்களா?"

"இருந்தா. வீட்ல என் ஜோக்குக்கு உதட்டைக்கூட அசைக்க மாட்டா. அன்னைக்குச் சிரிச்சா. அப்படி ஒரு சிரிப்பு."

சொல்லிவிட்டு நின்றார். இம்முறை நின்றது சிரிப்புக்காக அல்ல.

பழைய ஒலிப்பதிவாளர் ஒருவர் அந்த நாடாவைத் தேடி எடுத்து, மற்றவர்கள் சத்தத்தை எல்லாம் நீக்கி, லோகநாயகியின் சிரிப்பை மட்டும் பிரித்து அனுப்பியிருந்தார். அது குழந்தைவேலுவின் போனில் இருந்தது. காதில் வைத்துக் கேட்டுக் கேட்டு அவருக்கு அதன் ஒவ்வொரு வளைவும் பாடம். முதலில் மூக்கால் ஒரு சின்ன உறுமல். அதை அடக்கப் பார்த்து முடியாமல் போய், கடகடவென்று ஓடும். மூச்சு முட்டும். கடைசியில் ஒரு வார்த்தை: "அட, போங்க."

"அந்த 'போங்க' எனக்கா, பக்கத்துல யாருக்காச்சுமா?" என்றார் குழந்தைவேலு. "என் வசனத்துக்குச் சிரிச்சாளா? எந்த வசனம்? எழுதினது எல்லாத்தையும் புரட்டிப் பாத்துட்டேன் அம்மா. இதுதான்னு சொல்ல முடியல. அது தெரிஞ்சாப் போதும் எனக்கு. இன்னொரு தடவை அதைச் சொல்லிப் பாப்பேன், காலிச் சுவரைப் பாத்தாவது."

அம்மா எழுந்தார்.

"போனை எடுத்துக்கிட்டு சமையலறைக்கு வாங்க."

"நீங்க மட்டும் கேட்டாப் போதுமே அம்மா."

"அங்க பூசணிக்காய் நறுக்கணும். வாங்க."

சமையலறையில் நாலைந்து பேர் கத்தியும் பலகையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. அடுப்பில் உலை கொதித்தது. அம்மாவும் ஒரு துண்டுப் பூசணியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"போடுங்க."

குழந்தைவேலுவுக்கு மனசே இல்லை. பொத்திப் பொத்தி வைத்ததைச் சந்தையில் பரப்புவதுபோல் கூச்சமாக இருந்தது. ஆனாலும் போட்டார். சத்தம் போதுமா என்று இரண்டு தடவை கூட்டினார்.

உறுமல் வந்தது. கத்திகள் நின்றன. சிரிப்பு ஓட ஆரம்பித்தது. ஒருவர் தும்முவது போல் ஏதோ செய்தார். இன்னொருவர் "ஐயையோ" என்றார். அவ்வளவுதான், சமையலறை முழுக்கப் பற்றிக்கொண்டது. யாரோ பூசணித் துண்டை உலைப் பக்கம் தவறவிட, அதற்கு இன்னொரு சுற்றுச் சிரிப்பு. "அட, போங்க" என்று லோகநாயகி முடித்த பிறகும் அவர்கள் முடிக்கவில்லை. கண்ணைத் துடைத்தார்கள், மறுபடி சிரித்தார்கள்.

ஒருவழியாக அடங்கியது.

"இப்ப இவங்க எதுக்குச் சிரிச்சாங்க?" என்று கேட்டார் அம்மா.

"அவ சிரிச்சதைக் கேட்டு."

"முதல்ல யாரு சிரிச்சது?"

குழந்தைவேலு சுற்றிப் பார்த்தார். எல்லா முகமும் இப்போது வெறும் முகமாக இருந்தது.

"தெரியல அம்மா."

"இங்கதானே நின்னீங்க?"

"பாக்கல."

"பின்ன எதைப் பாத்தீங்க?"

"போனை. சத்தம் சரியா வருதான்னு."

அம்மா பூசணியின் விதையை விரலால் வழித்துப் போட்டார்.

"அன்னைக்கு அவங்க சிரிக்கும்போது?"

குழந்தைவேலு கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"ரெக்கார்டிங் ரூம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னேன். மைக்ல ஒவ்வொரு வசனமா சொல்லிக்கிட்டு. சத்தம் எவ்வளவு ஏறுதுன்னு காட்ட ஒரு முள்ளு இருக்கும் அம்மா. ரொம்ப ஏறினா சிவப்பைத் தொடும், பதிவு கெட்டுப்போகும். அவ சிரிச்சப்போ தொட்டுடுச்சு. நான் முள்ளைப் பாத்துக்கிட்டே..."

"பாத்துக்கிட்டே?"

"கையைக் காட்டினேன். குறைச்சுச் சிரின்னு."

கத்தியை எடுத்தவர்கள் கீழே வைத்தார்கள். குழந்தைவேலு அழுதார். தொழிலில் அழுதும் காட்டியவர்தான், ஆனால் இந்த அழுகையில் எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இனிமே தெரியாதா அம்மா? கடைசி வரைக்கும்?"

"தெரியாது."

உலை பொங்கி வழிந்தது. யாரோ எழுந்து அடுப்பைத் தணித்தார்கள். அம்மா நகர்ந்து, எல்லோர் முகமும் தெரிகிற இடத்தில் அவருக்கு இடம் விட்டார்.

"உக்காருங்க. இன்னொரு தடவை போடுங்க," என்றார். "போட்டுட்டு, போனைக் கவுத்து வெச்சிருங்க."