மேசை போதவில்லை

முதலில் எனக்குத் தீங்கு செய்தவன் பரஞ்சோதி. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

ஏரி மதகின் சக்கரத்தை இரண்டு பேர் பிடித்துச் சுற்ற வேண்டும். கதவு மேலே வந்து, இரும்புக் கொண்டியை மாட்டும்வரை யாரும் கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் கதவு தன் கனத்திலேயே விழும்.

பரஞ்சோதி பீடி பற்றவைக்கக் கையை எடுத்தான். கதவு விழுந்து உடைந்தது. கோயில் வாசலில் ஊர் கூடியபோது என்னைக் கைகாட்டினான்.

"இவருதான் கையை எடுத்தாரு."

அன்றிலிருந்து அவன் எனக்கு ஒரு வார்த்தை பாக்கி. அதே வாசலில், அதே ஊர் முன்னால், "நான்தான் எடுத்தேன்" என்று.

வருஷங்கள் போயின. சக்கரம் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. மவுஸால் அம்பை நகர்த்தி, திரையில் இருக்கிற கதவுப் படத்தின் மேல் வைத்து அழுத்தினால், வெளியே நிஜக் கதவு எழும்புமாம்.

வெள்ளிக்கிழமை இன்ஜினியர் வருகிறார். கடைசியில் இருக்கிற ஏழாவது கதவை நான் அவர் முன்னால் திறக்க வேண்டும். முடியாவிட்டால் என்னிடம் இருக்கிற மதகு அறைச் சாவி பரஞ்சோதிக்கு.

சொல்லிக்கொடுக்க மரகதவல்லி டீச்சரை டவுனிலிருந்து அனுப்பியிருந்தார்கள். அதிகம் பேசமாட்டார்.

விடியற்காலை. ஏரியிலிருந்து பனி எழுந்து ஜன்னல் வழியாக அறைக்குள் வந்தது. திரையும் ஏரியும் ஒரே நிறத்தில் இருந்தன.

"டீச்சரம்மா, மேசை பத்தல."

"எதுக்கு?"

"அம்பு மூணாவது கதவுகிட்ட போறதுக்குள்ள மவுஸ் மேசை ஓரத்துக்கு வந்துடுது. பெரிய மேசை வேணும்."

"போடுங்க."

பெஞ்சை இழுத்து மேசையோடு ஒட்டிப் போட்டேன். அம்பு ஐந்தாவது கதவுவரை போனது. அதற்குமேல் மவுஸ் நகரவில்லை.

"இப்ப வயரு பத்தல."



பரஞ்சோதி வாசலில் நின்று சிரித்தான். அவன் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டான்.

"என்னண்ணே, மேசையை உழுறீங்களா? முடிச்சுட்டுச் சொல்லுங்க, நாத்து நட ஆள் கூட்டியாறேன்."

நான் மவுஸை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"கையைத் தூக்குங்க" என்றார் டீச்சர். "மவுஸோட தூக்குங்க. தூக்கி, திரும்ப இந்தப் பக்கம் வச்சுத் தள்ளுங்க."

"தூக்க மாட்டேன்."

"ஏன்?"

"தூக்கினா விழுந்துடும்."

"எது?"



வாசலில் சிரிப்பு நின்றது.

டீச்சர் விளக்கை அணைத்தார். பரஞ்சோதியையும் அழைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அம்பு ஐந்தாவது கதவருகே வெள்ளையாக நின்றது, கொக்கு ஒற்றைக் காலில் நிற்பதுபோல. பனி என் முழங்கால்வரை வந்திருந்தது. கை மேசைமேல் இருக்கிறதா, சக்கரத்தின்மேல் இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. கனம் மட்டும் தெரிந்தது. அது அந்தக் கதவின் கனம்தான். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

எவ்வளவு நேரமோ. விரல்கள் மரத்துப்போயின.

கண்ணை மூடிக்கொண்டு தூக்கினேன்.

சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

ஒன்றும் விழவில்லை.

கண்ணைத் திறந்தேன். அம்பு விட்ட இடத்திலேயே நின்றது.

மவுஸை இந்தப் பக்கம் வைத்தேன். தள்ளினேன். ஆறாவது கதவு. திரும்பவும் தூக்கினேன், வைத்தேன், தள்ளினேன்.

வெள்ளிக்கிழமை இன்ஜினியர் முன்னால் ஏழாவது கதவை அழுத்தினேன். பனிக்குள் எங்கோ தண்ணீர் பேச ஆரம்பித்தது. சாவி என்னிடமே இருந்தது.

எல்லோரும் போனபிறகு, கதவு விழுந்த கதையை டீச்சரிடம் முழுக்கச் சொன்னேன்.

"அந்த வார்த்தையை அவன் இன்னும் சொல்லல. நான் என்ன பண்றது?"

டீச்சர் என் கையை மவுஸோடு மேலே தூக்கினார்.

"அம்பு எங்க இருக்கு?"

"இருந்த இடத்துலதான்."

"கை?"

பார்த்தேன். கனமில்லாமல், பனியில் ஓர் இலைபோல நின்றது.

வாசலில் செருப்புச் சத்தம். பரஞ்சோதி. உள்ளே வரவில்லை. நிலைப்படியைத் தடவிக்கொண்டு நின்றான். வாயைத் திறந்தான், மூடினான், திரும்பத் திறந்தான்.

"டீ வாங்கிட்டு வரட்டுமாண்ணே?"

அது அந்த வார்த்தை இல்லை.

"சர்க்கரை கம்மி" என்றேன்.