கோடு அச்சைத் தொடும் இடம்

மலையடிவார ஊரொன்றில் மங்கையர்க்கரசி டீச்சர் தனியாக வசித்தார். பள்ளிக்கூடத்தை மூடிய பிறகும் அவர் கணக்குச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தவில்லை. மிஞ்சியிருந்தது ஒரே மாணவர்தான். வீராசாமி, டீச்சரைவிட மிகவும் மூத்தவர். மகள் கணிதம் படிக்க வெளியூர் போன பின், அவளிடம் பேச ஏதாவது வேண்டுமே என்று வந்து சேர்ந்தவர்.

ஒரு மாலை அவர் வரைபடத்தாள் ஒன்றை நீட்டினார். இரண்டு புள்ளிகள். அவற்றைச் சேர்த்து ஒரு நேர்கோடு, வலப்புறம் சரிந்து அடி அச்சில் போய் முட்டியது.

"நான் கொடுத்த கணக்கு இல்லையே."

"நானே போட்டது டீச்சர். குறுக்கே, அவ போய் எத்தனை மாசம்னு. நெடுக்கே, போன்ல பேசின நிமிஷம். மாசம் ஒரு தடவை கூப்பிடுவா."

முதல் மாதம் முப்பது. அடுத்த மாதம் இருபத்துநாலு.

"சாய்வு?"

"மைனஸ் ஆறு."

"சமன்பாடு?"

"ஒய் சமம் மைனஸ் ஆறு எக்ஸ் கூட்டல் முப்பத்தாறு."

டீச்சர் பென்சில் முனையால் கட்டங்களை எண்ணிப் பார்த்தார்.

"சரிதான். அதிசயமா குறியைக்கூட மாத்திப் போடலை."

வீராசாமி சிரிக்கவில்லை.

"அப்போ ஆறாவது மாசம் சைபர். அதோட கூப்பிட மாட்டா. கணக்கு சரின்னா சொல்லிடுங்க. போனைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதை விட்டுடறேன்."

டீச்சர் அளவுகோலை வைத்துக் கோட்டை இடப்பக்கம் நீட்டினார். அது நெட்டச்சை முப்பத்தாறில் தொட்டது.

"இங்க எக்ஸ் எவ்வளவு?"

"சைபர்."

"அது எந்த நாள்?"

"அவ கிளம்பின நாள்."

"அன்னிக்கு முப்பத்தாறு நிமிஷம் பேசினீங்களா?"

வெளியே, மூடிய பள்ளிக்கூடத்தின் கொடியில்லாத கம்பத்தில் கயிறு மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

"பேசவே இல்ல. அவ்வளவு தூரம் போறாளேன்னு கோவம். பஸ் ஏத்திவிடக்கூடப் போகல. கொல்லையில போய் நின்னுக்கிட்டேன்."

டீச்சர் பென்சிலை அவரிடம் கொடுத்தார்.

"அந்தப் புள்ளியையும் வைங்க."

இரண்டு அச்சுகளும் சேரும் மூலையில் வீராசாமி வைத்தார். கோட்டுக்கு வெகு கீழே அது தனியாக நின்றது.

"கோடு இது வழியாப் போகலையே, டீச்சர்."

"போகலை. சைபருக்கு அப்புறமும் அவ கூப்பிட்டு முப்பது நிமிஷம் பேசியிருக்காளே."

"இப்ப நான் என்ன செய்யறது?"

டீச்சர் ரப்பரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"கோட்டை மட்டும் அழிங்க. புள்ளி மூணும் இருக்கட்டும்."