முதல் தெருவில் கிடந்தவன்

குரு எஸ்தரைவிட வேலப்பனுக்கு இரண்டு வயது கூடுதல். இருந்தாலும் வீடியோ கேம் செய்யும் வேலையில் அவர்தான் சீடர். வழுக்கை விழுந்த சீடர்.

கடைகளில் காசு போட்டு ஆடும் மெஷின்கள் இருந்த காலத்தில் எஸ்தர் ‘ஏழு தெரு’ என்ற சண்டை ஆட்டத்தைச் செய்தார். வழிமறிக்கும் ரவுடிகளை அடித்து வீழ்த்தி, கதாநாயகன் வீடு போய்ச் சேர வேண்டும். பிள்ளைகள் அதே கதியென்று கிடந்தார்கள்.

அதன் இரண்டாம் பாகத்தை இப்போது வேலப்பன் செய்திருந்தார். அதே தெருக்கள், அதே ரவுடிகள். ஆனால் ஒரே இருட்டு, மழை. விழுந்தவன் மறைய மாட்டான், விழுந்த இடத்திலேயே கிடப்பான்.

ஒரு பிற்பகல் அவர் லேப்டாப்போடு குருவின் வீட்டுக்கு வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

“ஆடிப் பார்த்தவங்க எல்லாரும் முதல் தெருவுலயே நிறுத்திடறாங்க மேடம். கிடக்கிறவங்களை அழிச்சாத்தான் வெளியிடுவேன்னு முதலாளி சொல்லிட்டார். நாளைக்குப் பதில் சொல்லணும்.”

“அழிக்க வேண்டியதுதானே?”

“மனசு வரலைங்க. உங்க ஆட்டத்துல விழுந்தவன் மின்னி மின்னி மறைஞ்சிடுவான். அதுக்கு ஏதோ ஆழமான காரணம் வச்சிருப்பீங்க. அதைச் சொன்னா எனக்குத் தெளிஞ்சிடும்.”

எஸ்தர் சிரித்துவிட்டார். “ஆழமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நாலு பேருக்கு மேல திரையில காட்ட அந்த மெஷினால முடியாது. விழுந்தவனை எடுத்தாத்தான் அடுத்தவன் வருவான்.”

சீடருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

“சரி, உங்க ஆட்டத்தைப் போடுங்க” என்றார் குரு.

குரு ஆடத் தொடங்கினார். முதல் தெருவில் ஒருவன் கத்தியோடு வந்தான். பழகிய கை சும்மா இருக்குமா? ஒரே உதை. அவன் குப்புற விழுந்தான்.

குரு தெருமுனை வரை போனார். பிறகு திரும்பி வந்தார். அவன் அங்கேயே கிடந்தான், முதுகில் மழை பெய்துகொண்டிருந்தது. குரு கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். அப்புறம் லேப்டாப்பைச் சீடர் பக்கம் நகர்த்தினார்.

வேலப்பனுக்கு அழுகை வரும்போல் இருந்தது. “நீங்களுமா மேடம்? இன்னும் ஆறு தெரு இருக்குதுங்களே.”

“எனக்கு இது போதும்.”

“அப்ப அழிச்சுடட்டுங்களா?”

“அழிச்சுடுங்க வேலப்பன்” என்றார் குரு. “அவன் கண்ணுல படலைன்னா கடைசித் தெரு வரைக்கும் அடிச்சுக்கிட்டே போயிடுவேன்.”