மூக்கு வரி திரும்பிய கதை

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அதற்கும் வரி கேட்கக்கூடிய ஒரு நாட்டில், அரசருக்குக் கற்பூர வாசனையில் தும்மல் வந்தது. ஒன்பது தும்மல். பத்தாவது வருவதற்குள், கப்பலில் வரும் வாசனைச் சரக்குக்கெல்லாம் ‘மூக்கு வரி’ போட்டுவிட்டார்.

வணிகர்கள் நியாயசபைக்குப் போனார்கள். “வரி செல்லுமா என்று மூன்று மாதத்தில் சொல்கிறேன். அதுவரை கட்டுங்கள்” என்றார் நீதிபதி. கட்டிய பணம் திரும்ப வேண்டுமானால், நாற்பது நாளுக்குள் எதிர்ப்போலை எழுதிச் சுங்க நாயகரின் கையில் சேர்க்க வேண்டும். தவறினால், மனமுவந்து கட்டியதாகவே கொள்வது அந்நாட்டுச் சட்டம்.

சுங்க நாயகர் மார்த்தாண்டருக்கு வசூலில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே, எதிர்ப்போலை வரும் நேரமெல்லாம் அவர் குளித்தார். மீதி நேரம் பூஜை செய்தார்.

கற்பூர வணிகர் சேகு மீரான், கப்பலை அடகு வைத்து வரி கட்டியவர். முப்பத்தொன்பதாம் நாள் அரண்மனை விகடகவி சுருளியப்பனிடம் வந்தார்.

“அண்ணே, எப்பப் போனாலும் குளிக்கிறாருங்கிறாங்க. நாளைக்கு விட்டா கப்பல் போச்சு.”

“இப்படிக் குளிச்சா ஆத்துல தண்ணி மிஞ்சுமா, மரைக்காயரே? பணத்தையாவது கையில வாங்குறாரா?”

“ரெண்டு கையாலயும். கடைசித் தவணை நாளைக் காலையில.”

“எண்ணிப் பார்ப்பாரா?”

“எண்ணுறது கணக்கன் வேலையாம், அதுவும் தீர்ப்புக்கு அப்புறந்தானாம். பையை எடை போட்டு, முத்திரை வச்சு, ரசீது குடுப்பாரு.”

சுருளியப்பன் பழைய ரசீதை வாங்கிப் படித்தார். மீரானின் காதில் ஏதோ சொன்னார். அன்று மாலைக்குள் வணிகர் தெருவில் பனையோலை தீர்ந்துபோனது.

மூன்று மாதத்தில், வரி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. நாயகர் சபையில் எழுந்தார்.

“அரசே, வரிதான் செல்லாது. வந்த பணம் நமதே. ஓர் எதிர்ப்போலையும் என் கைக்கு வரவில்லை. இவர்கள் உங்கள்மேல் உள்ள அன்பால் கொடுத்தவர்கள்.”

“நாயகர் பொய் எழுதமாட்டார், அரசே” என்றார் சுருளியப்பன். “நாற்பதாம் நாள் அவர் தந்த ரசீது இது: ‘இப்பையையும் இதனுள் உள்ள யாவற்றையும் என் கையால் பெற்றேன்.’ பைகளைத் தருவிக்க வேண்டுகிறேன்.”

பைகள் வந்தன. நாயகரின் முத்திரை அப்படியே இருந்தது. அரசரே உடைத்தார். பொன்னுக்கு மேல் ஒரு சுருட்டிய ஓலை: ‘மூக்கு வரியை எதிர்க்கிறேன். இரு தவணையும் திரும்ப வேண்டும். சேகு மீரான்.’ அடுத்த பையிலும் ஓலை. அதற்கடுத்ததிலும்.

“நான் பணத்தைத்தான் பெற்றேன், அரசே...”

“‘யாவற்றையும்’ என்று எழுதியது யார்?” என்று கேட்டார் சுருளியப்பன்.

நாயகர், குளித்துவிட்டு வர அனுமதி கேட்டார்.

அரசர் கிரீடம் நழுவச் சிரித்தார். நாயகரின் பங்கையும் சேர்த்துத் திருப்பித் தரச் சொன்னார். மீரானின் கப்பல் அன்றே மீண்டது. சுருளியப்பனுக்கு முத்துமாலை கிடைத்தது. பைகளைத் துறைமுகத்தில் கொண்டு சேர்க்க நாயகருக்குத் தலையில் வைத்துக்கொள்ள ஒரு சும்மாடு கிடைத்தது.

மொத்தம் எழுபத்திரண்டு பைகள். துறைமுகம் இரண்டு கல் தொலைவு.