செவ்வந்தி சைக்கிளுக்குப் பல்லு தேஞ்ச கதை

ஒரு ஊர்ல ஒரு செவ்வந்தி இருந்தா. பனியன் கம்பெனிக்குச் சைக்கிள்ல வேலைக்குப் போறவ. அவளுக்கு ஒரு அநியாயம் நடந்துச்சு. தேஞ்சு போனது சைக்கிளு, பழி விழுந்தது அவ கால் மேல. கேக்கறயா, நிலானி?

“ம்.”

அந்தச் சைக்கிள் அவளோடதுடி. தையல் மெஷின்ல உக்காந்து சம்பாதிச்சு வாங்கினது. கம்பெனிப் பக்கம் பஸ்ஸு எட்டியே பாக்காது. சைக்கிள் இருந்தாத்தான் வேலை. வழியில ஒரு ரயில்வே மேம்பாலம், அவ்ளோ ஒசரம். தினமும் எந்திரிச்சு நின்னு மிதிச்சு ஏறுவா, அந்தப் பக்கம் சர்ர்ருனு எறங்குவா.

அப்புறம் ஒரு நாள் செயின் தொளதொளன்னு ஆயிப்போச்சு. பாலத்தடியில சிவசாமின்னு ஒருத்தர் சைக்கிள் கடை வச்சிருந்தாரு. அவருகிட்டக் கொண்டு போனா. என்ன பண்ணோணும்? சக்கரத்தைச் சுத்திப் பாக்கோணுமில்ல? பாக்கல! செயின்ல ஒரு கண்ணியைக் கழட்டினாரு, டொக்கு டொக்குன்னு தட்டிச் சேத்தாரு. “டைட் ஆயிருச்சு, போ அம்மணி”ன்னாரு. அவளும் போனா. பாலத்துல பாதி ஏறயில, கடக்! செயின் பல்லுல நிக்காம தாவிருச்சு. பெடல் சட்டுனு கீழ போயி, முட்டி சிராய்ச்சு, ரத்தம்.

திரும்ப வந்து சொன்னா. அதுக்கு அவரு, “பொம்பளப் புள்ளைக நின்னுக்கிட்டு மிதிச்சா இப்படித்தான் அம்மணி”ன்னாரு.

எப்படித்தான்? உக்காந்து மிதிச்சா பாலம் குனிஞ்சு குடுக்குமா? நீ சொல்லு!

“ம்... குடுக்காது.”

அப்போ செவ்வந்தியே குத்தவச்சு, பின் சக்கரத்தைச் சுத்திப் பாத்தா. செயின் ஓடற பல்லு வட்டம் இருக்குமே, ஃப்ரீவீல்னு, அதுல பல்லெல்லாம் தேஞ்சு, மீன் முள்ளாட்டம் கூராயி, ஒரு பக்கமாச் சாஞ்சு கெடந்துச்சு. அதுக்குள்ள சிவசாமி புதுச் செயினோட வந்தாரு.

“ஏனுங்ணா, பல்லு தேஞ்சிருக்குதே. இதுல புதுச் செயின் போட்டா எப்படிப் புடிக்கும்?”

“நீ பல்லையெல்லாம் பாக்காத அம்மணி. ரோட்டைப் பாத்து ஓட்டு.”

கடையில நின்னவனுக எல்லாம் கெக்கெக்கேன்னு சிரிச்சானுக. சிரிக்க என்ன இருக்குது இதுல? அவ கேட்டதுக்குப் பதில் இருக்குதா அதுல? சரி விடு. புதுச் செயின் மாட்டியாச்சு. பாலம் ஏறினா. கடக்! கடக்! கடகடகட! இந்தத் தடவை ஒரு லாரிக்கு முன்னால விழுந்தா. லாரி கிரீச்ச்ச்னு நின்னுச்சு. நின்னதால பொழச்சா.

மூணாவதா, வூட்ல அவளோட அண்ணன் ஜெயபால் பஞ்சாயத்துக்கு வந்தான். சைக்கிள எடுத்தான். எங்க ஓட்டினான்? பாலத்துலயா? தெருவுல! சமதரையில, ஜம்முனு உக்காந்து ஒரே ஒரு ரவுண்டு.

“நல்லாத்தான ஓடுது? உனக்குத்தான் புள்ள மிதிக்கத் தெரியல. நாளைக்கே வித்துப்போடறேன். வேலைக்கும் போக வேண்டாம், வூட்ல இரு.”

அவளை ஒரு வார்த்தை கேட்டானா?

“கேக்கல.”

கேக்கல! அப்புறம் விடிஞ்சதும் வாங்கறதுக்கு ஒரு ஆளு வந்தாரு. “பாலத்துல ஏறிக் காட்டு தம்பி, பாப்போம்”ன்னாரு. ஜெயபால் கையை மடிச்சு விட்டுக்கிட்டு, எந்திரிச்சு நின்னு, மிதிமிதின்னு மிதிச்சான். கடக்! தொபுக்கடீர்!

அப்போ சிவசாமி கடையிலிருந்து ஓடி வந்தாரு. “அடடா, அடி பட்டுருச்சா தம்பி?”ன்னு தூக்கி விட்டாரு. இப்போ மட்டும் சக்கரத்தைச் சுத்திப் பாத்தாரு! “ஃப்ரீவீல் பல்லு தேஞ்சிருக்குது தம்பி. முன்னால பெடல்கிட்ட இருக்கற செயின்வீல் பல்லும் போச்சு. வண்டியிலதான் கோளாறு.”

கேட்டயா? அவன் விழுந்தா வண்டியில கோளாறு, அவ விழுந்தா காலுல கோளாறா? ஒரே பாலம், ஒரே சைக்கிள், ஒரே கடக்கு! மூணு நாளா அவ தொண்டை கிழியச் சொன்னது அப்போ யாரு காதுல விழுந்துச்சு?

“கத்தாத அத்தை. தூக்கமே போயிருச்சு.”

சரி சரி, மெல்லமாச் சொல்றேன். வாங்க வந்த ஆளு நைசா நழுவிட்டாரு. செவ்வந்தி நகரல. “முன்னாலயும் மாத்துங்க, பின்னாலயும் மாத்துங்க”ன்னு பக்கத்துலயே நின்னா. புதுப் பல்லுல புதுச் செயின் நறுக்குனு உக்காந்துச்சு. எந்திரிச்சு நின்னே பாலம் ஏறினா. கடக்கும் இல்ல, கிடக்கும் இல்ல, ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஏறிட்டுத் திரும்பி வந்தா, ஜெயபால் முழங்கையைப் புடிச்சுக்கிட்டு, பெரிய தருமப் பிரபு மாதிரி நடு வழியில நின்னான். “சரி புள்ள, போனாப் போகுது. சைக்கிள் உங்கிட்டயே இருக்கட்டும். வேலைக்கும் போய்க்கோ”ன்னான். செவ்வந்தி ஒரே ஒரு பதில் சொல்லிட்டு மிதிச்சுக்கிட்டுப் போயிட்டா. கதையும் பாலத்தை விட்டு எறங்கிருச்சு, நீயும் கண்ணை மூடு.

“அத்தை... அவ என்ன சொன்னா?”

“என் சைக்கிள எனக்குக் குடுக்க நீ யாருண்ணா? நவுரு, நான் போகோணும்”ன்னா.